தொனி மொழிகளில் சொல்லாக்கம்: தொனிக்கும் உருபனுக்கும் இடையிலான உறவு

ஆய்வுச் சுருக்கம்

சுருதியின் ஏற்றத்தாழ்வு சொற்பொருளை வேறுபடுத்தும் மொழிகள் தொனி மொழிகள் எனப்படும். இம்மொழிகளில் தொனி, தனிச்சொற்களைப் பிரித்துக்காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. ஒட்டு சேர்தல், சொல் இரட்டித்தல், தொகைச்சொல் அமைதல் ஆகிய சொல்லாக்க முறைகளிலும் அது பங்கு கொள்கிறது. சில மொழிகளில் தொனியே ஓர் உருபனாகவும் நிற்கிறது. மெண்டே, ஹௌசா, இக்போ, எடோ, சீனம், பஞ்சாபி ஆகிய மொழிகளின் சான்றுகளைக் கொண்டு இந்த உறவின் வகைகளை இக்கட்டுரை விளக்குகிறது. தொனியை ஒலியனியலின் எல்லைக்குள் மட்டும் வைத்து விளக்குவது போதாது என்பதும், ஒரு மொழியின் எழுத்துமுறையில் தொனிக்குறி தேவையா என்னும் வினாவுக்கு அம்மொழியின் சொல்லாக்கத்திலிருந்தே விடை காணவேண்டும் என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: தொனி, உருபன், சொல்லாக்கம், மிதக்கும் தொனி, தொனிச் சந்தி, இரட்டிப்பு, எழுத்துமுறை

முன்னுரை

தொனி மொழி என்றவுடன் மொழியியல் மாணவர் நினைவுக்கு வருவது சீன மொழியின் 'மா' என்னும் அசையாகும். அது நான்கு தொனிகளில் ஒலிக்கப்பட்டுத் தாய், சணல், குதிரை, திட்டுதல் என நான்கு பொருள் தரும். இந்த எடுத்துக்காட்டு தெளிவானதே. எனினும் க, ச, த ஆகியவை சொற்களை வேறுபடுத்துவதைப் போலவே தொனியும் வேறுபடுத்துகிறது என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. அச்சொற்களோடு ஒட்டு சேரும்போதும், சொல் இரட்டிக்கும்போதும், இரு சொற்கள் ஒன்றாகும்போதும் அவற்றின் தொனி என்னவாகிறது என்பதை அது காட்டுவதில்லை.

மொழியியல் நூல்கள் தொனியை மீக்கூறு என வகைப்படுத்துகின்றன. எழுத்தொலிகளின்மேல் ஏறி நிற்பது என்பது அப்பெயரின் பொருள். இப்பெயர், தொனியை ஒலிகளுக்குப் பின்னர் வந்து சேரும் ஒரு துணைப்பொருளாகக் கருதச் செய்கிறது. ஆனால் லாரி ஹைமன் தொனி மொழிக்குத் தரும் வரையறை வேறு திசையைக் காட்டுகிறது. குறைந்தது சில உருபன்களின் சொல்வடிவத்திலேனும் சுருதி ஓர் உறுப்பாக அமையும் மொழியே தொனி மொழி என்பது அவ்வரையறையின் சாரம். இங்கு அசையோ உயிரொலியோ பேசப்படவில்லை, உருபன் பேசப்படுகிறது. தொனி எங்கே குடிகொண்டுள்ளது என்பதை அறிய உருபன்கள் ஒன்றுசேரும் இடங்களைப் பார்க்கவேண்டும்.

இக்கட்டுரையில் பிறமொழிச் சொற்கள் தமிழ் எழுத்தில் இயன்ற அளவு நெருக்கமாகத் தரப்படுகின்றன. தொனிகள் மேல்தொனி, இடைத்தொனி, கீழ்த்தொனி, ஏறுதொனி, இறங்குதொனி என்னும் பெயர்களால் சுட்டப்படுகின்றன.

1. உயிரொலி நீங்கினும் நீங்காத தொனி

ஜான் கோல்ட்ஸ்மித் 1976ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், தொனிகளையும் எழுத்தொலிகளையும் இருவேறு அடுக்குகளாகக் கொள்ளும் கோட்பாட்டை முன்வைத்தார். இவ்விரு அடுக்குகளும் இணைப்புக் கோடுகளால் தொடர்புற்றிருக்கும். கோடு அறுந்தாலும் ஓர் அடுக்கில் உள்ளது அழியவேண்டியதில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மொழி இதற்கு எளிய சான்று தருகிறது. 'ரி' என்றால் 'காண்'. அது மேல்தொனி உடையது. 'அஷொ' என்றால் 'துணி'. அதன் இரு அசைகளும் இடைத்தொனி உடையவை. இரண்டும் சேர்ந்து 'துணியைக் காண்' என்னும் பொருளில் 'ரஷொ' ஆகும்போது, 'ரி' என்பதன் இகரம் கெடுகிறது. ஆனால் அவ்விகரத்தின் மேல்தொனி கெடுவதில்லை. எஞ்சிய அகரத்தின்மேல் சென்று தங்குகிறது. தொனி உயிரொலியின் பண்பு மட்டுமாக இருந்தால், உயிரோடு அதுவும் மறைந்திருக்கவேண்டும்.

2. அடிச்சொல்லின் தொனியை ஏற்கும் ஒட்டு: மெண்டே

சியரா லியோனில் பேசப்படும் மெண்டே மொழியை வில்லியம் லெபன் 1973ஆம் ஆண்டு ஆய்வேட்டில் விரிவாக எடுத்துக்காட்டினார். அம்மொழியின் பெரும்பாலான பெயர்ச்சொற்கள் எத்தனை அசை கொண்டிருந்தாலும் ஒரு சில தொனிக்கோலங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. மேல், கீழ், மேல்–கீழ், கீழ்–மேல், கீழ்–மேல்–கீழ் என்பன அக்கோலங்கள். 'ஆந்தை'யைக் குறிக்கும் 'ம்பு' ஓரசைச் சொல்; அதில் மேல்–கீழ் என்னும் கோலம் முழுவதும் ஒரே அசைக்குள் அடங்கி இறங்குதொனியாக ஒலிக்கிறது. 'நாய்' என்னும் பொருளுடைய 'ங்கிலா' ஈரசைச் சொல். அதே கோலம் முதலசையில் மேலாகவும் இரண்டாம் அசையில் கீழாகவும் பிரிந்து நிற்கிறது.

இனி, 'மேல்' என்னும் இடப்பொருள் தரும் 'மா' என்னும் ஒட்டு சேர்வதைக் காணலாம். மேல்தொனிக் கோலமுடைய 'பெலெ' (வீடு) என்பதோடு சேரும்போது 'மா' மேல்தொனி பெறுகிறது. முழுவதும் கீழ்த்தொனியான 'கால்சட்டை'ச் சொல்லோடு சேரும்போது அதுவும் கீழ்த்தொனி பெறுகிறது. 'ம்பு' என்பதோடு சேரும்போதோ 'ம்பு' மேல்தொனியாகவும் 'மா' கீழ்த்தொனியாகவும் ஒலிக்கின்றன. தனித்து நின்றபோது ஓரசைக்குள் நெருங்கியிருந்த இறங்குதொனி, ஒட்டு வந்து ஓர் அசை கூடியதும் இரண்டாகப் பிரிந்து பரவிக்கொள்கிறது.

இங்கு ஒட்டுக்கெனத் தனித் தொனி இல்லை. அடிச்சொல்லின் கோலமே சொல் முழுவதையும் ஆள்கிறது. எனவே மெண்டே அகராதியில் ஒவ்வோர் உயிரொலிக்கும் தொனி குறிப்பதைவிட, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கோலத்தைக் குறிப்பதே மொழியின் இயல்புக்குப் பொருந்தும்.

3. அடிச்சொல்லின் தொனியை அழிக்கும் ஒட்டு: ஹௌசா

நைஜீரியாவின் வடபகுதியிலும் நைஜர் நாட்டிலும் பெருவாரியாகப் பேசப்படும் ஹௌசா இதற்கு நேர்மாறான போக்கைக் காட்டுகிறது. ஆங்கிலத்திலிருந்து வந்த 'மோட்டா' (மகிழுந்து) என்னும் சொல் மேல்–கீழ் என ஒலிக்கும். அதன் பன்மை 'மோட்டோச்சி'. இதில் எல்லா அசைகளும் மேல்தொனி பெறுகின்றன. 'தம்பயா' (கேள்வி) என்பது கீழ்–மேல்–கீழ் என ஒலிப்பது. அதன் பன்மையாகிய 'தம்பயோயி' முழுவதும் மேல்தொனியே. ஒருமையில் வேறுபட்டிருந்த இரு சொற்களும் பன்மையில் ஒரே தொனிக்கோலத்தை அடைகின்றன. பன்மை ஒட்டு தன் ஒலிகளோடு ஒரு தொனிக்கோலத்தையும் கொண்டுவந்து, அடிச்சொல்லின் தொனியை முற்றிலும் துடைத்துவிட்டுத் தன்னுடையதைப் பதிக்கிறது.

ஹௌசாவின் எல்லா ஒட்டுகளும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. 'மேலங்கி' என்னும் பொருளுடைய 'ரிகா' கீழ்–மேல் என ஒலிக்கும். 'அந்த' எனச் சுட்டும் ரகர ஒட்டு சேர்ந்து 'ரிகார்' ஆகும்போது, அவ்வொட்டு கொண்டுவரும் கீழ்த்தொனி ஈற்றசையில் ஏற்கெனவே உள்ள மேல்தொனியோடு சேர்ந்து இறங்குதொனியாகிறது. முதலசையின் தொனி மாறுவதில்லை. ஹௌசா இலக்கணத்தை விரிவாக எழுதிய பால் நியூமன், தொனியால் சொல்லை ஒருமைப்படுத்தும் ஒட்டுகள், ஒருமைப்படுத்தாத ஒட்டுகள் என இவற்றை இரண்டாகப் பிரிக்கிறார்.

இப்பிரிவு உருபனியலுக்கு உரியது. ஓர் ஒட்டின் மெய்யையும் உயிரையும் பார்த்து அது எவ்வகையைச் சேர்ந்தது எனக் கூற இயலாது. பன்மை ஒட்டு சொல்லைப் புதிதாக வார்க்கிறது. சுட்டு ஒட்டு வார்த்த சொல்லின் விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. தொனியின் நடத்தை இவ்வேறுபாட்டைச் செவிக்குப் புலப்படுத்துகிறது.

4. தொனி மட்டுமே உருபனாதல்: இக்போ, எடோ

உருபன் என்பது பொருள் தரும் மிகச்சிறிய மொழிக்கூறு. அதற்கு மெய்யோ உயிரோ இருந்தாகவேண்டும் என நினைப்பது இயல்பு. தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மொழி அந்நினைப்பை மறுக்கிறது. 'அக்பா' என்றால் 'தாடை'. 'என்வே' என்றால் 'குரங்கு'. இரு சொற்களிலும் எல்லா அசைகளும் கீழ்த்தொனி உடையவை. 'குரங்கின் தாடை' எனக் கூற இவ்விரு சொற்களையும் அடுத்தடுத்து வைத்தால், நடு இக்போவில் 'அக்பா' என்பதன் ஈற்றசை மேல்தொனி பெற்றுவிடுகிறது. கீழ்த்தொனி மட்டுமே உள்ள இரு சொற்களுக்கிடையே இந்த மேல்தொனி எங்கிருந்து வந்தது?

அது 'இன்' போன்ற ஓர் உடைமை உருபாகும். ஒலி இல்லை, தொனி மட்டும் உண்டு. ஒட்டிக்கொள்ளத் தனக்கென ஓர் அசை இல்லாமையால் இதனை மிதக்கும் தொனி என்பர். அபோ என்னும் கிளைமொழியில் இதே மேல்தொனி முன்சொல்லின் ஈற்றில் தங்காமல் பின்சொல்லின் முதலசையில் தங்குகிறது. உருபு ஒன்றே; தங்குமிடம் மட்டும் வேறு. கிளைமொழிகளிடையே இடம் மாறியும் பொருள் மாறாமல் நிற்பதால், இத்தொனியைப் பக்கத்து ஒலிகளின் விளைவு எனக் கூற இயலாது. அது தனி உருபன் என்னும் முடிவே பொருந்துகிறது.

நைஜீரியாவின் எடோ மொழியில் தொனி வினையின் காலத்தைக் காட்டுகிறது. 'இ மா' என்னும் தொடரில் 'இ' தன்மை ஒருமையையும் 'மா' 'காட்டு' என்னும் வினையையும் குறிக்கின்றன. இரண்டும் கீழ்த்தொனியாயின் 'நான் காட்டுவேன்' எனக் காலம் சுட்டாத பொதுநிலையைக் குறிக்கும். மேல்–கீழ் என ஒலித்தால் 'காட்டிக்கொண்டிருக்கிறேன்' என்றும், கீழ்–மேல் என ஒலித்தால் 'காட்டினேன்' என்றும் பொருள்படும். தமிழில் காலம் காட்டும் இடைநிலைகள் செய்யும் பணியை இங்குத் தொனி செய்கிறது.

5. சொல்லாக்க வகையும் தொனிச் சந்தியும்: சீனம்

தொனிகள் அடுத்தடுத்து வரும்போது மாறுவதை மொழியியலார் தொனிச் சந்தி என்கின்றனர். வடமொழி இலக்கணம் தந்த 'சந்தி' என்னும் சொல்லே உலகெங்கும் இதற்கு வழங்கிவருகிறது. தமிழ் இலக்கண மரபில் பயின்றோர்க்கு இதன் அடிப்படை புதிதன்று. ஒரே ஒலிச்சூழலிலும் வேற்றுமைப் புணர்ச்சியும் அல்வழிப் புணர்ச்சியும் வெவ்வேறு விளைவு தருவதைத் தமிழ் இலக்கண நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. புணர்ச்சி விளைவை ஒலி மட்டும் தீர்மானிப்பதில்லை; சொற்களுக்கிடையேயான இலக்கண உறவும் தீர்மானிக்கிறது. சீனத்தின் தொனிச் சந்தியும் அவ்வாறே இயங்குகிறது.

பொதுச் சீனத்தில் நான்கு தொனிகள் உண்டு. மூன்றாம் தொனி தாழ்ந்து ஒலிப்பது. இரு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக, அதாவது ஏறுதொனியாக மாறும். இவற்றோடு, சில அசைகள் தம் தொனியை இழந்து குறுகி ஒலிக்கும் மென்தொனியும் உண்டு.

இரட்டிப்பில் இவ்விதியின் நடத்தை நோக்கத்தக்கது. மூன்றாம் தொனியுடைய 'ஜியெ' இரட்டித்து 'ஜியெஜியெ' (அக்காள்) ஆகிறது. அதன் இரண்டாம் அசை மென்தொனி. முதலசை மாறாமல் தாழ்ந்தே ஒலிக்கிறது. மூன்றாம் தொனியுடைய 'சியாங்' (நினை) என்னும் வினை இரட்டித்து 'சியாங்சியாங்' (சற்று நினைத்துப் பார்) ஆகிறது. இதிலும் இரண்டாம் அசை மென்தொனியே. ஆனால் முதலசை ஏறுதொனியாக மாறிவிடுகிறது. இருவகை இரட்டிப்பிலும் தொடக்கத் தொனி ஒன்றே. இரண்டாம் அசையின் மென்மையும் ஒன்றே. உறவுப்பெயரில் சந்தி நிகழவில்லை, வினையில் நிகழ்கிறது.

'சியாவ்ஜியெ' (செல்வி) என்னும் தொகைச்சொல் இதற்கு விளக்கம் தேட உதவுகிறது. அதிலும் ஈற்று 'ஜியெ' பேச்சில் மென்தொனியாகிறது. எனினும் முதலசை ஏறுதொனி பெறுகிறது. முதலில் சந்தி நிகழ்ந்து, பின்னரே ஈற்றசை தொனியை இழந்தது எனக் கொண்டால் இது விளங்கும். வினை இரட்டிப்பும் இவ்வகையினதே. உறவுப்பெயர் இரட்டிப்பிலோ இரண்டாம் அசை தொடக்கத்திலிருந்தே தொனியற்றது. ஆகவே சந்தி விதிக்கு அங்கு வேலையில்லை. செவிக்கு ஒன்றுபோல் கேட்கும் மென்தொனியின் பின்னால் இருவேறு சொல்லாக்க வரலாறுகள் உள்ளன. முதலசையின் தொனி அவற்றை வெளிப்படுத்துகிறது.

சாங்காய்ச் சீனத்தில் தொகைச்சொல்லின் முதலசைத் தொனி சொல் முழுவதும் பரவுகிறது. ஏனைய அசைகள் தம் தொனியை இழக்கின்றன. 'வறு' என்னும் வினையும் 'சோறு' என்னும் பெயரும் சேர்ந்து 'வறுத்த சோறு' என்னும் உணவின் பெயராகும்போது இவ்விதி முழுமையாக நிகழும். அதே இரு சொற்கள் 'சோற்றை வறு' என்னும் தொடராக நிற்கும்போது இரண்டாம் சொல் தன் தொனியை இழப்பதில்லை. தொகைச்சொல் எது, தொடர் எது என்பதைத் தொனியே சொல்லிவிடுகிறது.

இந்நிலையைத் தொல்காப்பியத்தின் புணரியல் கூறும் ஒரு செய்தியோடு ஒப்பிடலாம். எழுத்தளவில் ஒன்றாகவே நிற்கும் புணர்மொழிகள் இசை வேறுபாட்டால் பொருள் தெளியும் என்கிறது அந்நூல். செம்பு, ஒன்பது எனவும் செம்பொன், பத்து எனவும் பிரியத்தக்க தொடரை உரையாளர்கள் சான்றாகக் காட்டுவர். தமிழ் தொனி மொழி அன்று. அங்குப் பேசப்படுவது தொடரைப் பிரித்திசைக்கும் முறையே. ஆயினும் எழுத்து காட்டாத சொல்லமைப்பை இசை காட்டும் என்னும் நுட்பம் தமிழ் இலக்கண மரபில் பதிவாகியுள்ளது.

6. ஒட்டு தொனியாதலும் ஒட்டால் தொனி மாறுதலும்

சீனத்தில் 'மாய்' என்பது மூன்றாம் தொனியில் 'வாங்கு' எனவும் நான்காம் தொனியில் 'விற்பனை செய்' எனவும் பொருள்படும். 'ஷு' மூன்றாம் தொனியில் 'எண்ணு' என்னும் வினை. நான்காம் தொனியில் 'எண்' என்னும் பெயர். 'ஹாவ்' மூன்றாம் தொனியில் 'நல்ல'. நான்காம் தொனியில் 'விரும்பு'. இவ்விணைகளில் பொருள் தொடர்பு வெளிப்படை. பழஞ்சீனத்தில் சகர ஒலியுடைய ஒரு பின்னொட்டு இருந்தது என்றும், அது தேய்ந்து மறைந்தபோது அதன் தடமே இன்றைய நான்காம் தொனிக்கு மூலமான தொனியாயிற்று என்றும் வரலாற்று மொழியியலார் பலர் கருதுகின்றனர். வியட்நாமிய மொழியின் தொனிகள் சொல்லிறுதி மெய்களின் மறைவால் தோன்றியதை ஆந்த்ரே ஓத்ரிக்கூர் 1954ஆம் ஆண்டில் விளக்கியது இக்கருத்துக்கு வழிகாட்டியாயிற்று. இவ்விளக்கத்தின்படி, இன்று தனித்தனிச் சொற்களாகக் கற்கப்படும் இணைகள் ஒருகாலத்தில் ஒட்டு சேர்ந்தும் சேராமலும் நின்ற ஒரே சொல்லின் வடிவங்களாகும்.

இத்தகைய மாற்றத்தின் விளைவை இந்திய மொழியாகிய பஞ்சாபியில் இன்றும் நேரில் காணலாம். பஞ்சாபியில் 'கோடா' போன்று ஒலிக்கும் சொல் கீழ்த்தொனியில் குதிரையையும், மேல்தொனியில் தொழுநோயாளியையும், சமதொனியில் சவுக்கையும் குறிக்கும். பிற இந்திய-ஆரிய மொழிகளில் உள்ள மூச்சொலி கலந்த மெய்கள் பஞ்சாபியில் அம்மூச்சொலியை இழந்து தொனியை விட்டுச் சென்றன. அழுத்தம் பெற்ற உயிருக்கு முன்னால் அம்மெய் இருந்திருந்தால் கீழ்த்தொனியும், பின்னால் இருந்திருந்தால் மேல்தொனியும் தோன்றும்.

'பட்னா' (படித்தல்) என்பதில் அழுத்தம் முதலுயிரில் விழுகிறது. மூச்சொலி அதன் பின்னால் இருந்தது. ஆகவே முதலசை மேல்தொனி பெறுகிறது. பிறவினை ஒட்டு சேர்ந்து 'படாவுணா' (படிப்பித்தல்) ஆகும்போது அழுத்தம் ஒட்டின் ஆகாரத்துக்கு நகர்கிறது. மூச்சொலி இருந்த இடம் இப்போது அழுத்தம் பெற்ற உயிரின் முன்னால் வந்துவிடுகிறது. எனவே மேல்தொனி நீங்கி, ஆகாரத்தில் கீழ்த்தொனி தோன்றுகிறது. ஒரே வேரிலிருந்து வரும் தன்வினையும் பிறவினையும் எதிரெதிர்த் தொனி பெறுகின்றன. குர்முகி எழுத்து இரு சொற்களிலும் பழைய மூச்சொலிக்குறியையே எழுதுகிறது. தொனிக்கெனத் தனிக்குறி எழுதுவதில்லை. எழுத்து வேரின் ஒருமையைக் காக்கிறது; படிப்பவர் சொல்லமைப்பிலிருந்து தொனியை வருவித்துக்கொள்கிறார்.

7. எழுத்துமுறைக்கு இதன் பயன்

தொனியை எழுத்தில் குறிக்கவேண்டுமா என்பது தொனி மொழிகளைப் பேசுவோர் பலர் எதிர்கொள்ளும் நடைமுறைச் சிக்கல். யோருபாவின் பொது எழுத்துமுறை மேல்தொனிக்கும் கீழ்த்தொனிக்கும் குறியிடுகிறது. இடைத்தொனியைக் குறியின்றி விடுகிறது. ஹௌசாவின் வழக்கமான உரோமன் எழுத்துமுறை தொனியைக் குறிப்பதில்லை. 1958ஆம் ஆண்டு சீனா ஏற்ற பின்யின் முறை சொல்லின் அடிப்படைத் தொனியை எழுதுகிறது. மூன்றாம் தொனியின் சந்தி மாற்றத்தை எழுதுவதில்லை.

மேலே கண்ட வகைகள் இவ்வேறுபாடுகளை மதிப்பிட ஓர் அளவுகோல் தருகின்றன. ஹௌசாவின் பன்மையில் தொனியோடு ஒலியும் மாறுகிறது. தொனிக்குறி இல்லாவிடினும் 'மோட்டோச்சி' பன்மை என்பது எழுத்திலேயே தெரியும். பஞ்சாபியில் பழைய மெய்யெழுத்து தொனிக்கு வழிகாட்டுகிறது. ஆனால் எடோவின் 'காட்டினேன்', 'காட்டிக்கொண்டிருக்கிறேன்' ஆகிய வடிவங்களைத் தொனிக்குறியின்றி எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். காலமே எழுத்திலிருந்து மறையும். ஆக, தொனிகளின் எண்ணிக்கையைவிட, தொனி தனித்து நின்று சுமக்கும் இலக்கணப்பணி எவ்வளவு என்பதே தொனிக்குறியின் தேவையைத் தீர்மானிக்கவேண்டும்.

இந்தியாவின் வடகிழக்கில் வழங்கும் மிசோ, போடோ, மணிப்புரி முதலிய தொனி மொழிகளின் ஆய்வுக்கும் இது பொருந்தும். தனிச்சொற்களைப் பட்டியலிட்டு அவற்றின் தொனியைக் குறித்துக்கொள்வது களப்பணியின் முதற்படி. அதே சொற்கள் ஒட்டேற்றும் இரட்டித்தும் தொகைப்பட்டும் வரும் வடிவங்களைத் தொகுக்காவிடில், அடிப்படைத் தொனி எது, வருவிக்கப்பட்ட தொனி எது எனப் பிரித்தறிய இயலாது. பேச்சைத் தரவாகக் கொள்ளும் கணினிக் கருவிகளுக்கும் இத்தொகுப்பு தேவை.

முடிவுரை

தொனி மொழிகளில் சொல்லாக்கத்துக்கும் தொனிக்கும் உள்ள உறவு ஒருதன்மையது அன்று. மெண்டேயில் ஒட்டு அடிச்சொல்லின் தொனிக்கு இடம் தருகிறது. ஹௌசாவின் பன்மையில் அதனை அழிக்கிறது. இக்போவிலும் எடோவிலும் தொனி தானே உருபனாக நிற்கிறது. சீனத்தில் சொல்லாக்க வகை, சந்தி நிகழுமா நிகழாதா என்பதை முடிவு செய்கிறது. பஞ்சாபியில் ஒட்டு அழுத்தத்தை நகர்த்தித் தொனியை மாற்றுகிறது.

இவை அனைத்திலும் பொதுவாக உள்ளது ஒன்றே. தொனியின் நடத்தையை ஒலிச்சூழலைக் கொண்டு மட்டும் விளக்க முடியவில்லை. எந்த உருபன் எதனோடு எவ்வுறவில் சேர்கிறது என அறிந்தால்தான் விளக்கம் நிறைவு பெறுகிறது. எனவே தமிழ் மொழியியல் நூல்களில் உருபனை வரையறுக்கும் இடத்தில், மெய்யும் உயிரும் இன்றித் தொனியாக மட்டும் நிற்கும் உருபனுக்கும் இடம் தரவேண்டும். மீக்கூறு என்னும் பெயர் வழக்கில் நீடிக்கலாம். ஆனால் இம்மொழிகளைப் பேசுவோர்க்குத் தொனி, சொல் ஆக்கப்பட்ட பின்னர் அதன்மேல் ஏற்றப்படுவது அன்று. சொல்லை ஆக்கும் பொருள்களுள் அதுவும் ஒன்று.